வீட்டுப் பட்டறையில் உடம்பை நோகடிக்காமல் மரவேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அதைத் தாண்டினால் பாறசாலை என்று நம்ம கேரள எல்லைப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி மரவேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் உளி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பரம்பரை ஆசாரிமாரும் உண்டு. யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் இடுப்பு, தோள், முழங்கை என்றுதான் வந்து நிற்கிறது. வயசாகிவிட்டது, இனி முடியாது என்று சொல்லி இந்த வேலையை விடப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு தாங்குவதில்லை. பல பேருக்கு வலியைக் கொடுப்பது தாழ்ந்த மேசையும் மழுங்கிய உளியும்தான், அதை மாற்றப் பெரிய செலவும் கிடையாது. நாம் மரத்தைத் தேடிக் குனிவதை விட்டுவிட்டு மரத்தை நம் கைக்கு ஏற்ற உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கீழே உள்ள பதில்களில் முக்கால்வாசி இதைச் சுற்றியே வரும்.

திங்கட்கிழமை காலையில் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. முதலில் எதை மாற்றுவது?

மேசையின் உயரத்தை. வேறு எதை வாங்குவதற்கும் முன்னால் இது.

நம் வீடுகளில் பட்டறை மேசையாக இருப்பது பெரும்பாலும் பழைய சாப்பாட்டு மேசை, இல்லையென்றால் பிள்ளைகள் படித்துவிட்டுக் கழித்த மேசை. இவற்றின் உயரம் சுமார் 30 அங்குலம், உட்கார்ந்து சாப்பிடவும் எழுதவும் சரி, நின்றுகொண்டு உளி பிடிக்கக் கொஞ்சமும் சரிப்படாது. வழக்கமாகப் பட்டறையில் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள், கையைத் தளர்வாகத் தொங்க விடுங்கள், உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு மடங்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். ஐந்தரை அடி ஆளுக்கு அது ஏறக்குறைய 32 அங்குலம் வரும். மரத்தைச் சீவும் இழைப்புளியைத் தள்ளுவதற்கு அந்த உயரம் பொருத்தம், ஏனென்றால் மேலிருந்து உடம்பின் எடையைக் கொடுத்துத் தள்ள முடியும்.

அடுத்து முழங்கையை மடக்கி, முழங்கை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அதே ஐந்தரை அடி ஆளுக்கு 41 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். கோடு போடுவது, நுணுக்கமாக உளியால் செதுக்குவது, சின்ன ரம்பத்தால் பொருத்து வெட்டுவது, கண்ணைக் கிட்டே கொண்டுபோக வேண்டிய எந்த வேலையாக இருந்தாலும் இந்த உயரத்தில்தான் நடக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் நடுவே முக்கால் அடிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது பாருங்கள். அந்த வித்தியாசத்தை இத்தனை நாளும் உங்கள் இடுப்பு வளைந்து கொடுத்துச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறது.

கால் உயரம் போதவில்லை என்றால் அயனி மரக் கட்டைத் துண்டுகளை அடியில் வைத்து உயர்த்தலாம். வெறுமனே வைக்காமல் போல்ட்டோ ஸ்க்ரூவோ போட்டுக் காலோடு இறுக்கிவிடுங்கள், இழைக்கிற வேகத்தில் நழுவினால் மேசையே கவிழும்.

இரண்டு உயரம் வேண்டுமென்றால் இரண்டு மேசைக்கு இடம் எங்கே?

இரண்டு மேசை வேண்டாம். பெரிய மேசையை மணிக்கட்டு உயரத்துக்கு வைத்துக்கொண்டு, அதன் மேல் தூக்கி வைக்க ஒரு குட்டி மேசை செய்துகொள்ளுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், 8 அங்குல உயரம் போதும். அடிப்பலகையை இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டி விட்டால் அதில் சி கிளாம்ப் போட்டுப் பெரிய மேசையோடு இறுக்கிவிடலாம். ஆட்டம் இருக்கக்கூடாது, ஆடுகிற மேசையில் மரத்தைப் பிடித்து நிறுத்துவதற்கே பாதித் தெம்பு போய்விடும். வேலை முடிந்ததும் எடுத்து மேசைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம், பட்டறைக்காக நீங்கள் செய்யும் பொருள்களில் இதைவிடப் பிரயோஜனமானது வேறு இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

நான் ஐந்தடி உயரம், அவர் ஆறடி. இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் வேலை செய்கிறோம். யாருக்கு ஏற்ப செய்வது அண்ணே?

உயரமானவருக்கு ஏற்பச் செய்யுங்கள் தங்கச்சி. தாழ்ந்த மேசையில் உயரமானவரின் இடுப்புக்கு வழியே கிடையாது, ஆனால் உயர்ந்த மேசைக்கு உங்களால் ஏறி நிற்க முடியும். நிற்பதற்கு ஒரு மரத்தட்டு செய்யுங்கள். மேசையின் முழு நீளத்துக்கு, இரண்டடி அகலத்துக்கு வேண்டும். சின்னதாகச் செய்தால் கவனம் மரத்தில் இருக்கும்போது கால் விளிம்பைத் தாண்டி இறங்கிவிடும், கையில் உளியோடு தடுமாறுவது நல்லதல்ல. விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடு இழுத்து வையுங்கள்.

கருவியின் பிடியையும் பாருங்கள். சந்தையில் வரும் பிடிகள் பெரும்பாலும் ஆண்களின் கையை நினைத்துச் செய்தவை. அழுத்திப் பிடிக்க வேண்டிய பிடி 3 முதல் 4.5 செ.மீ. குறுக்களவுக்குள் இருந்தால் நல்லது, சின்னக் கைக்கு அதில் கீழ்ப்பாதி. தடித்த பிடியை இழைத்துக் குறைக்கலாம், மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றலாம். ரப்பர் நழுவாது, அதனால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையும் குறையும்.

பத்மநாபபுரம் அரண்மனையைச் செய்தவர்கள் மேசை போட்டா செய்தார்கள்? நம் ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து கால்விரலால் மரத்தைப் பிடித்துத்தானே வேலை செய்கிறார்கள்?

நல்ல கேள்வி, மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. தரையில் உட்கார்ந்து செய்வது தாழ்ந்த முறை ஒன்றும் கிடையாது. ஜப்பானிலும் தச்சர்கள் அப்படித்தான் செய்து வந்தார்கள், அவர்கள் ரம்பத்தையும் இழைப்புளியையும் தன் பக்கமாக இழுப்பார்கள், தரையில் இருக்கிறவருக்கு இழுப்பது எளிது. நம்ம ஆசாரி இரண்டு பாதத்தாலும் மரத்தை அமுக்கிப் பிடித்துத் துளை எடுக்கும்போது எந்தக் கிளாம்பும் அவ்வளவு வேகமாக இறுக்கவும் விடவும் முடியாது.

ஆனால் அவர் சிறு வயதிலிருந்து குந்தி உட்கார்ந்து பழகிய உடம்பு. ஒரே இடத்தில் மணிக்கணக்காக இருக்கவும் மாட்டார், எழுந்து போய்த் தடியைப் புரட்டுவார், மறுபடி வந்து உட்காருவார், பக்கத்தில் கையாள் ஒருத்தன் இருப்பான். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று நாலு மணி நேரம் தரையில் குந்தினால் முட்டியும் இடுப்பும் எப்படித் தாங்கும்?

தரையில்தான் கை வருகிறது என்கிறவர்கள் நாலைந்து அங்குல உயர மணைப்பலகை மேல் உட்காருங்கள். இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயர்ந்தாலே முதுகு கூன் போடுவது குறைந்துவிடும். துளையெடுப்பது, செதுக்குவது இவற்றைத் தரையில் வைத்துக்கொண்டு, நீளமாக அறுப்பதை முட்டி உயரத்துக் குதிரையில், அதாவது மரம் தாங்கும் கால்சட்டத்தில், மரத்தைப் போட்டு ஒரு முட்டியால் அமுக்கிக்கொண்டு நின்று செய்யுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்.

இழைப்புளி தள்ளினால் தோள்பட்டை கழன்று விடுகிறது. மெஷின் வாங்கிவிடட்டுமா?

மெஷின் வாங்குவது பிறகு. முதலில் இழைப்புளியின் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். விளிம்பில் வெளிச்சம் பட்டு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கிவிட்டது, நல்ல கூர்மையான விளிம்பில் வெளிச்சம் நிற்க இடமிருக்காது. மழுங்கிய தகட்டோடு அயனியை இழைக்கிறவர் மரத்தோடு சண்டை போடுகிறார், அந்தச் சண்டையில் தோள்தான் தோற்கும்.

சாணை பிடிக்க விலை உயர்ந்த கல் அவசியமில்லை. 8 அல்லது 10 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்று, அதன் மேல் தண்ணீர் தெளித்து ஒட்டிய வாட்டர் பேப்பர், 400, 800, 1500, 2000 என்று வரிசையாக. தகட்டை 25 டிகிரியில் தீட்டி, கடைசியில் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி 30 டிகிரியில் நாலைந்து இழுப்பு. பின்புறத்தில் எழும் பிசிரைத் தட்டையாக வைத்து எடுத்துவிடுங்கள். பழைய தோல் பெல்ட்டை ஒரு கட்டையில் ஒட்டி, பாலிஷ் பசை தடவி அதில் சில தடவை இழுத்தால் முகம் பார்க்கலாம். எப்போது தீட்டுவது என்று கேட்பார்கள், சுருள் சுருளாக வந்த சீவல் உடைந்து தூளாக வர ஆரம்பித்த உடனே. வேலை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள், தீட்டுகிற அந்தப் பத்து நிமிஷம் தோளுக்கு ஓய்வும்தான்.

இதற்கு அப்புறம் மெழுகுவத்தி. இழைப்புளியின் அடியில் இரண்டு கோடு கிறுக்கிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். தேங்காய் எண்ணெயும் வழுக்கும், ஆனால் மரத்தில் ஊறிப் பிறகு பாலிஷ் பிடிக்காமல் திட்டுத்திட்டாகிவிடும், அதனால் மெழுகே போதும்.

நிற்கிற விதம் இன்னொன்று. கையை மட்டும் நீட்டி நீட்டித் தள்ளினால் எந்தத் தோளும் தாங்காது. ஒரு காலை முன்னே வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பின்காலிலிருந்து முன்காலுக்கு எடையை மாற்றினாலே இழைப்புளி போகும், கை அதைப் பிடித்திருக்கிறது அவ்வளவுதான். இழைப்புளியைப் போகும் திசைக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பிப் பிடித்தால் வெட்டு இன்னும் லேசாகும். நிறைய மரம் எடுக்க வேண்டியிருந்தால் முதலில் நார்க்குக் குறுக்காக இழைத்து உடைத்துவிட்டு, கடைசி மட்டும் நார்ப்போக்கில் இழையுங்கள், பாதி பலம் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் வாரம் ஒரு கட்டில் செய்கிற அளவுக்கு வேலை இருந்தால் 82 மி.மீ. எலெக்ட்ரிக் பிளேனர் வாங்குங்கள், தாராளமாக. முரட்டு வேலையை அது செய்யட்டும்.

உடம்புக்கு லேசான மரம் எது?

காய்ந்த மரம். எந்த மரம் என்பதைவிட அதுதான் முக்கியம். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, அறுத்துப்போட்ட தடி காய்வதற்குள் அடுத்த ஈரம் வந்துவிடும். காய்ந்த ரப்பர் மரம் ஒரு கன அடி சுமார் 17 கிலோ, பச்சையாக இருந்தால் அதைவிட எவ்வளவோ கனம், தூக்கினால் தெரியும். ஈர மரம் ரம்பத்தைக் கவ்வும், பிறகு காய்ந்து முறுக்கும், முறுக்கியதை மறுபடி இழைக்க வேண்டும். தரையிலிருந்து உயர்த்தி, அடுக்குகளுக்கு நடுவே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்து, காற்று போக நிழலில் வையுங்கள்.

பழகுகிறவர்களுக்கு மகாகனியும் நார் நேராக ஓடும் பலாவும் கைக்கு இதமானவை. அயனி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஞ்சிலி என்பார்கள், நல்ல உழைப்பாளி மரம், ஆனால் நார் இரண்டு பக்கமும் பின்னி வரும் துண்டாக மாட்டினால் கூர்மையான தகடு இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். ரப்பர் மரத்தை போரான் மருந்து ஏற்றிக் காய வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும், செய்த வேலையை இரண்டாம் தடவை செய்வதைவிட உடம்புக்குக் கஷ்டம் ஏதாவது உண்டா?

எட்டுக்கு நாலு பிளைவுட்டைத் தனியாளாகத் தூக்கி மேசை மேல் போடுவது எப்படி?

முடிந்தவரை முழுசாகத் தூக்காமல் இருப்பதுதான் வழி. 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று மரத்தைப் பொறுத்து 32 முதல் 40 கிலோ வரைக்கும் இருக்கும். மரநாரை அமுக்கிச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அதே தடிமனில் 40 கிலோ. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாம் தோதாக அமைந்தால், அதாவது பொருள் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திருகாமல் தூக்கினால், ஒருவர் தூக்கலாம் என்று வைத்திருக்கும் எடை 23 கிலோ. தரையிலிருந்து, கையை விரித்து, காற்றில் ஆடுகிற ஷீட்டைத் தூக்குவதற்கு அந்தக் கணக்கு இன்னும் இறங்கும். தனியாளாகத் தூக்கிக் காட்டுவதில் ஒரு பெருமையும் இல்லை.

கடையில் வெட்டித் தருவார்களா என்று கேளுங்கள். பேனல் சா வைத்திருக்கும் கடைகளில் கொஞ்சம் காசுக்கு வெட்டிக் கொடுப்பார்கள், உங்கள் அளவைவிட அரை அங்குலம் கூட வைத்து வெட்டி வாங்கி வந்து வீட்டில் துல்லியமாக்குங்கள்.

முழு ஷீட்தான் வந்து இறங்கியது என்றால், சுமார் 18 அடிக் கயிற்றை வளையமாக முடிந்து, ஷீட்டை நீளவாக்கில் நிறுத்தி, வளையத்தின் இரண்டு முனையையும் கீழ் மூலைகள் இரண்டிலும் மாட்டி, நடுவில் சேர்த்து ஒரு கையால் பிடியுங்கள், மறு கை மேல் விளிம்பில். குனியாமல் நடக்கலாம். மேசை மேல் ஏற்றும்போது படுக்கைவசமாகத் தூக்காதீர்கள். ஷீட்டை மேசை விளிம்பில் சாய்த்து, மேல் முனை மேசையில் ஊன்றிய பிறகு கீழ் முனையை மட்டும் தூக்கித் தள்ளுங்கள், பாதி எடையை மேசை வாங்கிக்கொள்ளும்.

வெட்டுவதற்கு, இரண்டு குதிரை மேல் நாலு தென்னை ரீப்பரைப் பரப்பி அதன் மேல் ஷீட். சர்க்குலர் சாவின் பிளேடு ரீப்பரில் கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை, ஷீட் இரண்டாகும்போது எதுவும் கீழே தொங்காது, அதைத் தாங்கிப் பிடிக்க நீங்கள் ஓட வேண்டியதும் இல்லை.

மிச்சம் ஷீட்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் கயிறோ சங்கிலியோ போட்டுக் கட்டிவையுங்கள். பிள்ளைகள் விளையாடும் வீடு என்றால் இது கட்டாயம். நாலு ஷீட் சேர்ந்து சரிந்தால் பெரியவர்களாலேயே தாங்க முடியாது.

மரத்தைத் தேய்க்கும் மெஷினான சாண்டரைப் பிடித்து முடித்தால் கை மரத்துப்போகிறது, ராத்திரி விரல் குத்துகிறது.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். கருவியின் அதிர்வு விரலில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் நரம்பையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். கையேட்டில் அதிர்வு அளவு போட்டிருப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி ஒரு 8 மணி நேர நாளுக்கு 2.5 (மீ./விநாடி² கணக்கில்) என்ற அளவைத் தொட்டாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் நாலில் ஒன்றாகக் குறையும். அதாவது கையேட்டில் 5 என்று போட்ட சாண்டரை 2 மணி நேரம் பிடித்தால் அந்த 2.5 கணக்கு நிறைந்துவிடும், 10 என்று போட்டதை அரை மணி நேரத்தில்.

அழுத்திப் பிடிக்காதீர்கள், சாண்டர் தன் எடையிலேயே தேய்க்கும், அழுத்தினால் தேய்ப்பும் கெடும், அதிர்வு முழுக்கக் கைக்கு ஏறும். தேய்ந்த உப்புத்தாளை உடனே மாற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வேறு வேலைக்குக் கையை மாற்றுங்கள். இழைப்புளியை நன்றாகத் தீட்டி வைத்திருக்கிறவருக்குச் சாண்டர் வேலை வெகுவாகக் குறைந்துவிடும், இது போனஸ்.

கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சுண்டு விரல் பக்கம் என்றால் முழங்கையில். குளிரில் விரல் நுனி வெளுத்தால் அது அதிர்வால் வரும் அறிகுறி. மூன்றில் எது வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள், வலிமாத்திரை போட்டுக்கொண்டு சாண்டரைத் தொடராதீர்கள்.

ஸ்க்ரூ முடுக்கி முடுக்கி முழங்கைக்கு வெளிப்பக்கம் வலி. சாயா டம்ளரைத் தூக்கினாலும் வலிக்கிறது.

முன்கைத் தசை எலும்போடு சேரும் இடம் நொந்திருக்கிறது, டென்னிஸ் எல்போ என்பார்கள். ஆற வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை கையால் ஸ்க்ரூ முடுக்குவதை நிறுத்துங்கள்.

பிறகு, துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றாதீர்கள். 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு அயனி, தேக்கு போன்றதில் 3 மி.மீ., மெது மரத்தில் 2.5. ஸ்க்ரூ மரையில் மெழுகைத் தேயுங்கள், சோப்பு வேண்டாம், சோப்பு ஈரம் இழுக்கும், நம்ம ஊர் காற்றில் துரு ஏறிவிடும். நிறைய ஸ்க்ரூ என்றால் இம்பாக்ட் டிரைவர் நல்ல முதலீடு, அது உள்ளே தட்டித் தட்டித் திருப்புவதால் எதிர்த்திருப்பு மணிக்கட்டுக்கு வராது. பெரிய பிட்டோ ஹோல் சாவோ போடும்போது டிரில்லின் பக்கவாட்டுப் பிடியை மாட்டாமல் தொடவே கூடாது, பிட் சிக்கினால் மெஷின் நின்று மணிக்கட்டு சுற்றும்.

சிமெண்டுத் தரையில் நின்று நின்று குதிகால் வலி.

மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் பாய் வாங்கி மேசைக்கு முன்னால் போடுங்கள். விழுந்த உளியின் முனையும் தப்பும். அப்புறம் ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க நாலு அங்குலக் கட்டை ஒன்று. வெறுங்காலில் நிற்காதீர்கள்.

வெள்ளெழுத்து வந்த பிறகு கோட்டைப் பார்க்கக் கழுத்தை மடக்கி மடக்கி வலிக்கிறது.

பாதி விளக்கின் குற்றம், பாதி கண்ணாடியின் குற்றம். உச்சியில் ஒரே ஒரு பல்பு இருந்தால் உங்கள் தலையின் நிழலே கோட்டின் மேல் விழும், நிழலிலிருந்து தப்பத்தான் குனிகிறீர்கள். மேசைக்கு இடமும் வலமுமாக இரண்டு எல்.இ.டி. ட்யூப் போடுங்கள். கண்ணாடியில் கீழ்ப்பாதியில் மட்டும் படிக்கும் பவர் இருந்தால் தாடையைத் தூக்கிப் பார்க்க வேண்டி வரும், பின்கழுத்து இறுகும். கண் பரிசோதிக்கும்போது 50, 60 செ.மீ. தூரத்துக்கு என்று சொல்லி முழுக் கண்ணாடியாக ஒன்று பட்டறைக்கென்றே செய்துகொள்ளுங்கள்.

தூசுக்கும் சத்தத்துக்கும் உடம்பு வலிக்கும் என்ன சம்பந்தம்?

மூச்சு முட்டி, காது இரைந்துகொண்டிருந்தால் உடம்பு சீக்கிரம் சோர்ந்துவிடும். மரத்தூளை, புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1995-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது, அதனால் துண்டை மூக்கில் கட்டுவது போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். சத்தம் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சர்க்குலர் சா அந்த 100-ஐச் சாதாரணமாகத் தொடும். காதடைப்பான் சில்லறைக் காசுதான்.

இடுப்பு பெல்ட் போட்டுக்கொண்டு தூக்கலாமா?

நியோஷ் 1994-லேயே ஆராய்ந்து, காயமில்லாதவர் முதுகைப் பாதுகாக்க பெல்ட்டை நம்பும்படி நாங்கள் சொல்ல மாட்டோம் என்று அறிக்கை வெளியிட்டுவிட்டது. மருத்துவர் சொன்னால் போடுங்கள். சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி செய்துகொள்வது அதைவிட நல்லது.

முறிவெண்ணெய் தடவி வெந்நீரில் குளித்தால் போதாதா?

சுகமாக இருக்கும். முறிவெண்ணெயும் கொட்டம்சுக்காதியும் இல்லாத வீடு நம் பக்கத்தில் ஏது, வர்ம ஆசான்மார் தடவிவிட்டுச் சரியானவர்களும் உண்டு. ஆனால் ராத்திரி தடவிவிட்டுக் காலையில் அதே 30 அங்குல மேசைக்குப் போனால் எண்ணெய் என்ன செய்யும்? எண்ணெய்க் கையோடு உளியைத் தொடவும் வேண்டாம், பிடி வழுக்கும்.

இடுப்பு வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ தடவலை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடை இடுக்கில் உணர்வு போனாலோ அன்றே, அந்த மணிக்கே, பெரிய ஆஸ்பத்திரிக்கு.

நடுவில் எவ்வளவு ஓய்வு எடுப்பது?

வலி வந்த பிறகு எடுக்கும் ஓய்வு தாமதம். அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு நிமிஷம் கையை உதறி, பின்னால் வளைந்து, வாசல் வரை நடங்கள். அறுப்பது, இழைப்பது போன்றவற்றைக் காலையில் வெயில் ஏறுமுன் முடியுங்கள். நம்ம புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு சூடேறும், பக்கத்தில் சீரகத் தண்ணியோ உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியோ இருக்கட்டும். சாயங்காலம் அசதியாக இருக்கும்போது மெஷினைத் தொடாதீர்கள், கோடு போடுங்கள், சாணை பிடியுங்கள், பெருக்குங்கள்.

அப்பா ஆசாரி, எழுபது கடந்துவிட்டது. சும்மா இருங்கள் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

சும்மா இருக்கச் சொல்லாதீர்கள். ஆயுசு முழுக்கச் செய்த வேலையைப் பிடுங்கினால் மனுஷன் ஒடுங்கிப்போவார். வேலையை அவருக்கு ஏற்ப மாற்றிக் கொடுங்கள்.

நிற்பதற்கும் உட்காருவதற்கும் நடுவிலான உயரத்தில், 26, 28 அங்குலத்தில், சாய்ந்து உட்காருகிற மாதிரி ஒரு முக்காலி போடுங்கள், முட்டி மடங்க வேண்டியதில்லை. மரத்தைக் கால்விரலால் பிடித்துப் பழகியவருக்குக் கிளாம்ப் பிடிக்காது, ஆனால் காலால் மிதித்தால் இறுகும் பிடிமானம் ஒன்று செய்து கொடுத்தால் ஏற்றுக்கொள்வார். உளியை அடிக்கும் கனமான கொட்டாப்புளிக்குப் பதில் அரைக் கிலோவுக்குள் ஒன்று செய்யுங்கள், உளி கூர்மையாக இருந்தால் அதுவே போதும். அவருடைய உளிகளும், மூலை சரிபார்க்கும் மூலமட்டமும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தட்டில் இருக்கட்டும், தரையிலோ பரணிலோ எதுவும் வைக்காதீர்கள். செதுக்கு வேலை, பொருத்து, கோடு, சாணை இதெல்லாம் அவரிடம், தூக்குவதும் அறுப்பதும் உங்களிடம். தனியாக இருக்கும்போது டேபிள் சா ஓட்டக்கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ப்ளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் சின்ன வெட்டுக்கும் ரத்தம் நிற்க நேரமாகும். அவர் உளி பிடிக்கிறவர் என்பதை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பஞ்சும் கட்டுத்துணியும் அவர் உட்காரும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.